கொறங்காடும் நான் அனுப்பிய பொய்யும்

கிளுவைக் குச்சியை ஒடித்தால் ஒரு வாசம் வரும்... மாங்காய்ப் பாலும் சாம்பிராணியும் கலந்த மாதிரி. அன்று காலை அந்த வாசத்தோடு டீசல் புகையும் சேர்ந்து அடித்தது. ஜேசிபி வேலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

நான் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் மெசேஜை நம்பித்தான் அந்த வண்டி வந்திருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மங்கலத்தில் எங்கள் தறிகளை விற்ற பிறகு, ஒரு சோலார் கம்பெனிக்கு நிலம் பேசி முடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். தாராபுரம் பக்கம் பைக்கில் ஊர் ஊராகப் போவேன். லீஸுக்கு விடச் சொல்லிக் கேட்பேன். மாத டார்கெட் உண்டு.

ஜேசிபி வந்த அந்த ஊரில் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். நடுவில் பழனிச்சாமி அண்ணனின் கொறங்காடு மட்டும் பாக்கி.

கொறங்காடு என்றால் உழாமல், விதைக்காமல், மேய்ச்சலுக்கென்றே விட்டுவைக்கும் காடு. எங்கள் பக்கம் நிலத்தையே காடு என்போம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், மழை பெய்தால் தானாக முளைக்கிற கொழுக்கட்டைப் புல். அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்குச் சும்மா கிடக்கிற நிலம் மாதிரி இருக்கும்.

பட்டா அண்ணன் பெயரிலும் அவர் மனைவி சரஸ்வதி அக்கா பெயரிலும் கூட்டாக இருந்தது. இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

அண்ணன் முதல் நாளே சரி என்றுவிட்டார். "புல்லு மொளைக்க மழை வேணுந் தம்பி. உங்க பேனலுக்கு வெயிலே போதுமல்லங்க? இங்க வெயிலுக்கா பஞ்சம்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. தொடர்ந்து மழை பொய்த்திருந்தது. மாடுகளில் பாதியை விற்றிருந்தார். மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். திரும்பி வந்து மாடு மேய்க்கப் போவதில்லை.

அக்கா மட்டும் பதிலே சொல்லவில்லை. மூன்று முறை போனேன். மூன்று முறையும் மோர் கொடுத்தார். பேச்சை எடுத்ததும் மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் போய்விட்டார்.

மாதக் கடைசி. இன்சார்ஜ் சார் போன் மேல் போன். 'ரெண்டு பேரும் ஓகே சார்' என்று டைப் செய்து அனுப்பினேன். மாட்டேன் என்று அக்கா சொல்லவில்லையே... பத்திரம் பதியும் நாளுக்குள் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பத்திரம் வரை கம்பெனிக்காரர்கள் காத்திருக்கவில்லை. பக்கத்துக் காடுகளுக்குப் பாதை வேண்டுமென்று, மறுநாளே வண்டியை அனுப்பிவிட்டார்கள்.

இருபது அடி வேலி போயிருக்கும். வண்டி முதல் வெள்வேல மரத்தை நோக்கித் திரும்பியபோது சரஸ்வதி அக்கா ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை. நேராக மரத்துக்கும் இரும்புக் கைக்கும் நடுவில் வந்து நின்றார்.

ஆப்பரேட்டர் ராமநாதபுரத்துக்காரர். பதறிப்போய் பிரேக் போட்டார். "என்னண்ணே, எடுக்கவா வேணாமா? ஒரு முடிவு சொல்லுங்கண்ணே!"

பக்கத்துக் காட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். இந்தக் காடு கிடைக்காவிட்டால் கம்பெனி அவர்களையும் கைவிட்டுவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அண்ணன் முகம் சிவந்து கத்தினார்.

"ஏம்புள்ள, ஊரு முன்னால மானத்த வாங்கறே? தள்ளி வா!"

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் எப்பங்க சரின்னு சொன்னேன்?"

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது... இன்சார்ஜ் சார்தான். எடுக்கவில்லை. அக்கா சம்மதித்ததாகவே அடித்துப் பேசியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் என் பக்கம் நின்றிருப்பார்கள்.

"அக்கா சொல்லலீங்க," என்றேன். "நாந்தான் அவங்க சொன்னதா எழுதிட்டேன்."

ஆப்பரேட்டர் இன்ஜினை அணைத்தார்.

அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பிடியை விட்டுவிட்டார். தன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

"அவர் பாடு எனக்குந் தெரியுந் தம்பி," என்றார். "ஆனா இதுல உழவு இல்ல, உரமில்ல. ஒரு மழ பேஞ்சா தானா எந்திரிச்சுக்குது. வேரோட நோண்டிப்புட்டா, அப்பறம் யாரு வந்து எழுப்பறது?"

பிடுங்கிப் போட்ட கிளுவையை வெட்டி, அந்த இருபது அடியிலும் மறுபடி குச்சி ஊன்றினோம். அவர் குழி போட, நான் பிடித்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் என் வேலை போய்விட்டது.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்க்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். அப்போதெல்லாம் இரண்டு பக்கமும் வெள்வேல மரமாக இருந்த ரோடு... இப்போது கண்ணைக் கூசவைக்கும் பேனல்கள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் பயந்த மாதிரி கம்பெனி யாரையும் கைவிடவில்லை. சுற்றி வளைத்துக் கட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்தில் மாடி வீடுகள் எழும்பியிருந்தன. அண்ணன் வீடு மட்டும் பழைய ஓட்டு வீடுதான்.

நடுவில் அந்தக் கொறங்காடு அப்படியே இருந்தது. அக்கா தூரத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதே இல்லை. பயந்துகொண்டேதான் கிட்டே போனேன்.

"இன்னும் கோவமாங்கண்ணா?"

கையால் சுற்றியிருந்த பேனல்களைக் காட்டினார்.

"வருத்தம் இருக்குது தம்பி. இல்லீன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு வெட்டியிருந்தா, எங்க போயி உக்காந்துட்டு வருத்தப்படறது?"

சொல்லிவிட்டு, சற்று நகர்ந்து எனக்கும் நிழலில் இடம் விட்டார்.