சோலைவரி இல்லாத வீடு

புத்தளம் நகர சபையின் வரிவிலக்கு உறுதியான மறுநாள், ஒரு புதன்கிழமை, றஹ்மா ராத்தா யாழ்ப்பாணப் பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி, ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஆசனம் காட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் பக்கம் போங்க தம்பி, காத்து நல்லா வரும்." வீடு விற்கும் வாய் பஸ்ஸையும் விட்டுவைக்காது.

புத்தளம் நகருக்குள் வீடு தேடுகிறவர்கள் ஊருக்கே அக்காவான இந்த ராத்தாவைத் தாண்டிப் போக முடியாது. காட்டுகிற வீட்டில் அவர் ஒருநாளும் கதிரையில் அமர்ந்ததில்லை. தேத்தண்ணி கொடுத்தாலும் நின்றபடிதான் குடிப்பார். "இருந்தா வேர் விட்டிரும் புள்ள." தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரோடும் வெளியேற்றப்பட்டு, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பெண். புத்தளத்துக்கு அருகே கரைத்தீவில் ஓலைக்கொட்டில், அதன்பிறகு வாடகை அறைகள். மாறிய வீடுகளை விரல் மடக்கி எண்ணத் தொடங்குவார். பாதியில் சிரிப்பு வந்து கணக்குத் தப்பிவிடும்.

இப்போது விற்பது பஸ் நிலையத்துக்குப் பின்னால் எழும்பிய தொடர்மாடி. கூரையில் சூரிய மின்தகடு, அடியில் மழைநீர்த் தொட்டி. அப்படிக் கட்டியதற்காக, வீடுகளுக்குச் சபை அறவிடும் சோலைவரி பத்து வருடத்துக்குக் கிடையாது. ஒரு நிபந்தனை மட்டும்: வாங்குகிறவரின் பெயர் இந்த ஊர் வாக்காளர் பட்டியலான இடாப்பில் இருக்கவேண்டும்.

"சோலையுமில்ல, வரியுமில்ல. களப்புக் காத்து மட்டும் இலவசம்," என்று படியேறிக்கொண்டே சொல்வார்.

நாலாம் மாடியில் ஒரு வீட்டை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார். ஜன்னலைத் திறந்தால் உப்புநீர் விரிந்த களப்பு, அதற்கப்பால் வெள்ளையாய் உப்புக் குவியல்கள். தரகுக் கூலியைக் கழித்துக்கொண்டு தவணைக்குத் தருவதாகச் சொல்லி, கட்டடத்தின் மேலாளர் மக்பூல் அதன் சாவியை அவரிடமே கொடுத்திருந்தார். மற்றச் சாவிகள் கோர்வையாகக் கையில் குலுங்கும். இது மட்டும் அபாயாவின் உட்பையில்.

ராத்தாவின் பெயரோ இன்னும் யாழ்ப்பாண இடாப்பில். அங்கே வீடென்று எதுவும் இல்லை. கூரையற்ற சுவர்கள், ஒரு கிணறு. அதற்கு வருடம் தவறாமல் சோலைவரி கட்டிவருகிறார்.

வரிவிலக்கு உறுதியான அன்று மக்பூல் தலையில் கைவைத்தார். "ஊருக்கெல்லாம் வரி இல்லாத வீடு விக்கிறீங்க. நீங்க வீடே இல்லாத காணிக்கு வரி கட்டுறீங்க. என்ன ராத்தா இது?"

"கட்டாட்டி அந்தக் கிணத்துக்கு என்ட பேர் மறந்திரும் தம்பி."

"பேர அங்க வெட்டிட்டு வாங்க. இல்லாட்டி அந்த வீட்ட வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்."

"வெட்டிட்டு வாறன்."

அதற்குத்தான் அந்தப் புதன்கிழமைப் பயணம். மறுநாள் காலை விதானையார் லோறன்ஸ், இடாப்பு வேலை பார்க்கும் கிராம அலுவலர், "என்ன அலுவல் அக்கா?" என்று கேட்டார். ராத்தாவின் வாயில் வந்தது வேறு. "சும்மா, கிணறு பாக்க வந்தன்." போன் இலக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"சொல்லியிரிக்கிறன், வெட்டுவாங்க," என்றார் மக்பூலிடம்.

மாதங்கள் ஓடின. ராத்தா நாலாம் மாடிக்கு ஏறுவார், ஜன்னல் திரைக்குச் சாண் போட்டு அளப்பார், அளவை மறந்து இறங்கிவிடுவார். மறுநாளும் அதே கூத்து.

"வெட்டிட்டாங்களா?"

"வெட்டுவாங்க."

"உங்கட பேரென்ன ஆலமரமா ராத்தா, வெட்ட இவ்வளவு நாள்?"

அடுத்த வருட மழைக்கு முன், கட்டாரில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய ஜெமீலுக்கும் மனைவிக்கும் மூன்றாம் மாடியைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு மனம் ஒப்பவில்லை. "களப்புப் பக்கமா ஒண்டும் இல்லையா?"

"இல்ல மகள், எல்லாம் முடிஞ்சி."

அப்போதுதான் போன் கிணுகிணுத்தது. ராத்தா எட்டத்தில் பிடித்து வாசித்தார்.

'அக்கா, லோறன்ஸ். இடாப்புத் திருத்தம் முடியுது. காணியிலை ஒருத்தரும் இல்லை எண்டு எழுதவேணும். உங்கட பேரை வெட்டவோ, விடவோ?'

இன்னொரு தடவையும் வாசித்தார். பிறகு உட்பைக்குள் கையை விட்டு, அந்தச் சாவியை எடுத்து, ஜெமீலின் மனைவியுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே ஒவ்வொன்றாக மடித்துவிட்டார்.