செல்வக்கனி அக்கா விற்றது காங்கேயம் கல்

செல்வக்கனி அக்கா இந்த மாதத் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மில்லர்புரத்தில் தம் வீட்டில் மாரடைப்பால் இறந்துபோனார்கள். அவர்களுடைய மகள் பொன்மணி போனில் சொன்னது ஒரே வரிதான். "மாமா, அம்மா போயிட்டாவ." கடையைச் சாத்தச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் சங்கு, சிப்பிச் சாமான், முத்து விற்கிறவன். என் கடைக்கு நேர் எதிரே அக்காவின் ராசிக்கல் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் நான் பார்க்கும் முதல் முகம் அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

அழுகை வர வேண்டிய நாள் அது. எனக்கு வந்ததோ கோபம். மதியத்துக்குள் பழைய பேருந்து நிலையச் சுவரில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. கல் வியாபாரிகள் சங்கம் அடித்தது. அக்காவின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: "இலங்கை ரத்தினக் கற்களின் அரசி."

பாதி வாழ்க்கையை ஒரு பொய்யைச் சொல்ல மாட்டேன் என்று நின்றே கழித்த மனுஷி. அவர்களை இன்னும் எடுக்கக்கூட இல்லை. அதற்குள் அந்தப் பொய்யையே பட்டமாகக் கட்டிவிட்டார்கள். அக்காவை அறிந்தவர்களுக்கு நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்கள் போஸ்டரை நம்பிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். வைரம், மாணிக்கம் அளவுக்கு விலை போகாத, ஆனால் சாதாரணக் குடும்பமும் வாங்கி மோதிரத்தில் பதிக்கிற கற்கள் பல நம் நாட்டு மண்ணிலேயே கிடைக்கின்றன. காங்கேயம் பக்கத்துக் காடுகளில் சந்திரகாந்தக் கல்லும் வெளிர்நீல அக்வாமரினும் உண்டு. கரூர்ப் பக்கம் ஊதா நிறச் செவ்வந்திக் கல். கோமேதகம் ஒடிசாவிலிருந்து வரும், அகேட் குஜராத்திலிருந்து. ஆனால் தூத்துக்குடிக் கடைகளுக்குள் நுழைந்துவிட்டால் எல்லாக் கல்லுக்கும் ஒரே ஊர்தான், சிலோன். துறைமுகம் இருக்கிறது, அந்தக் கரைக்குச் சரக்குத் தோணி போய் வந்த பழைய கதை இருக்கிறது. "தோணியில வந்த கல்லு" என்று காதோடு சொன்னால் போதும், காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த கல்லின் விலை மூன்று மடங்காகிவிடும்.

அந்தக் கடை முதலில் அக்காவின் வீட்டுக்காரருடையது. அவரும் தோணிக் கதை சொல்லித்தான் விற்றார். அவர் மஞ்சள் காமாலையில் போன பிறகு அக்கா கல்லாவில் உட்கார்ந்தார்கள். பெண்பிள்ளைதானே என்று காங்கேயத்துத் தரகர் உடைசலும் தூளுமாக அனுப்ப ஆரம்பித்தார். அக்கா அவருக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. நேரே காங்கேயத்துக்கே பஸ் ஏறிவிட்டார்கள்.

திரும்பி வந்த அன்று என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தண்ணிக்குக் கெணறு வெட்டுதாவ தம்பி. வெட்ட வெட்டக் கல்லுதான் வருது. அந்தச் சம்சாரி மூஞ்சியப் பாக்கணுமே, இடி விழுந்த மாதிரி நிக்காரு. 'தண்ணி வந்தா வெங்காயம் போடலாம்னு இருந்தனுங்க, இத வச்சு நான் என்னங்க பண்றது'ங்காரு."

அவரிடம் விலை பேசிக் கல்லைத் துணியில் கட்டும்போது அவருடைய மனைவி பக்கத்தில் வந்து கேட்டாராம்: "எங்கூருக் கல்லுன்னு சொல்லித்தானுங்களே விப்பீங்க?"

"நீங்க என்ன சொன்னிய?" என்றேன்.

"ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல? தண்ணியும் போச்சு, ஊரு பேராவது மிஞ்சட்டும்னு கேக்கா. இனிமே சொன்னது சொன்னதுதான்."

மறுநாளிலிருந்து அக்காவின் கடையில் சிலோன் கல் கிடையாது. காங்கேயம், கரூர், ஒடிசா என்று வாய்விட்டுச் சொல்லித்தான் விற்றார்கள். வியாபாரம் படுத்தது. ஆறுமுகநேரியிலிருந்து ஒருவர் கோமேதகம் கேட்டு வந்தார். ஒடிசாக் கல் என்றதும் கையை எடுத்துவிட்டார்.

"ஜோசியரு சிலோன் கல்லுதான் போடணும்னு சொல்லியிருக்காரும்மா. ராகு தோஷம்."

"ராகு என்ன கஸ்டம்ஸ் ஆபீசரா அண்ணாச்சி, எந்தத் துறைமுகத்துல எறங்குச்சுன்னு கேக்க?"

எதிரே உட்கார்ந்திருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நாலு கடை தள்ளிப் போய், அதே ஒடிசாக் கல்லை சிலோன் என்று வாங்கிக்கொண்டு, அக்காவை முறைத்தபடி திரும்பிப் போனார். அக்கா அவருக்கும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அக்காவைத் தெய்வமாக்க நான் எழுதவில்லை. வாய் பொல்லாத வாய். கடன் என்று யாராவது வந்தால் முகத்தில் அடித்தாற்போலப் பேசுவார்கள். என் சரக்கு வண்டி அவர்கள் வாசலை மறித்து நின்றதற்காக ஒரு பொங்கல் முழுக்க என்னோடு பேசவில்லை. பேரத்தில் ஒரு ரூபாய் இறங்க மாட்டார்கள். ஆனால் கல்லின் ஊர் விஷயத்தில் மட்டும் சொல் பிசகியதில்லை.

சங்கத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு கூட்டத்தில் தலைவர் எழுந்தார். எங்கள் வரிசையிலேயே பெரிய கடை அவருடையது. "செல்வக்கனியம்மா, ஊரோட ஒத்துப் போங்க. நீங்க காங்கேயம்னு சொல்லச் சொல்ல, எங்கிட்ட வாங்குனவன் வந்து சட்டையப் பிடிக்கான்."

"பிடிச்சா கழட்டிக் குடுத்துருங்க அண்ணாச்சி. அவன் துட்டுல வாங்குன சட்டைதான?"

கூட்டம் கலைந்த பிறகு சங்கத்தார் வேறு வழி பார்த்தார்கள். அந்த அம்மா கடையில் இருப்பதெல்லாம் டூப்ளிகேட் என்று ஒவ்வொரு கடையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி விற்ற கடை போலிக் கடையாயிற்று, பெயரை மாற்றி விற்றவை அசல் கடைகளாயின! நானும் எத்தனையோ பேருடைய பிழைப்பைப் பார்த்தவன். இவ்வளவு வெட்கமில்லாத காரியத்தை வேறெங்கும் பார்க்கவில்லை.

எனக்கே ஒருநாள் தாங்கவில்லை. "அக்கா, கேட்டா மட்டும் சொல்லுங்க. நான் முத்துக்கு அப்படித்தான செய்யிதேன்" என்றேன். முத்துக்குளிக்கும் ஊர் என்று பெயரைக் கேட்டு வருகிறவர்கள் தூத்துக்குடி முத்து கேட்பார்கள். கடலில் மூழ்கி முத்தெடுப்பது இங்கே நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. என்னிடம் இருப்பது ஹைதராபாத்திலிருந்து வருகிற வளர்ப்பு முத்து. கேட்டால் சொல்வேன், கேட்காதவர்களிடம் நானாகச் சொல்வதில்லை. அது என் வியாபாரம்.

அக்கா சிரித்துவிட்டார்கள். "வெளியூரு முத்துக்கு நம்ம ஊரு பேரு. நம்ம நாட்டுக் கல்லுக்கு வெளியூரு பேரு. ஏன் தம்பி, இந்தத் தெருவுல எதுக்காவது சொந்தப் பேரு உண்டா?"

"ஒங்களுக்கு உண்டுல்லாக்கா."

"அதான் யாவாரம் ஓட மாட்டேங்கு."

மெல்ல மெல்ல ஓடவும் செய்தது. மதுரை, நாகர்கோவில் நகைக்கடைக்காரர்கள், ஏமாறக் கூடாது என்று நினைத்தவர்கள், அக்காவைத் தேடி வந்தார்கள். அந்தப் பெயர்தான் பிறகு மற்றவர்கள் கண்ணை உறுத்தியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. தலைவர் வந்தார். படத்துக்கு மாலை போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பொன்மணிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். பொன்மணி ஏரலில் பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் பெண். கடையை நடத்த அவளால் ஆகாது. அது அவருக்கும் தெரியும்.

"கல்லப் பூராவும் நான் எடுத்துக்கிடுதேன் தாயி. எட்டு லச்சம் தாரேன். கடைப் பேரையும் எனக்கு எழுதிக் குடுத்துரு."

பொன்மணி நிமிர்ந்து பார்த்தாள். "எந்த ஊருக் கல்லுன்னு சொல்லி விப்பிய?"

"இதென்ன கேள்வி? சிலோன்தான். அம்மைக்கு அந்தப் பட்டத்தத்தான குடுத்திருக்கோம். ஊரு பூரா ஒட்டியிருக்கே, பாக்கலியா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் போஸ்டரில் கண்ணீரும் இல்லை, அஞ்சலியும் இல்லை. அது விளம்பரம். அக்கா சேர்த்த நம்பிக்கையை, அக்கா வாயாலேயே சொன்னது போல, சிலோன் கதைக்கு முதலாக்கிக்கொள்வதற்கு உடல் குளிரும் முன்பே போட்ட திட்டம்.

பந்தியிலிருந்து எழுந்து போய், "அந்தப் போஸ்டர நீங்க கிழிக்கியளா, நான் கிழிக்கட்டுமா?" என்றேன்.

"சோத்தத் தின்னுட்டுப் பேசும்வே. நீரு முத்து விக்கிற லெச்சணம் ஊருக்குத் தெரியாதாக்கும்?"

"நல்லாத் தெரியட்டும். செத்தவங்க பேரச் சொல்லி நான் விக்கல."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பொன்மணியைப் பார்த்தார். அவள் அவரை நோக்கி இரண்டு கைகளையும் கூப்பி, "சாப்பிட்டுட்டுப் போங்க மாமா" என்றாள். அவர் சாப்பிடாமல் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "கல்ல நீங்க எடுத்துக்கிடுதியளா மாமா?"

நான் தர்மத்துக்கு வாங்குகிறவன் அல்ல. அதை அவளிடம் நேராகவே சொன்னேன். "சொந்தப் பேரச் சொல்லி வித்தா மெதுவாத்தான் போவும். முதல் முடங்கும். அவரு சொன்ன வெல எனக்குக் கட்டாது. ஆறு தாரேன்."

"ஏழு."

"ஏளா, நீ வாத்தியாரா, யாவாரியா?"

"எங்கம்மைக்குப் பிள்ள" என்றாள். அன்று அவள் அழுதது அந்த ஒரு நேரம்தான். அதற்குப் பிறகும் பேரம் நடந்தது.

அக்கா, நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேருங்கள். உங்களை அரசி என்றவர்கள் உங்கள் பேச்சை ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. நான் உங்களை வியாபாரி என்றே சொல்லி வழியனுப்புகிறேன். எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்குத் தகுதியானவர்கள் அதிகம் பேர் இல்லை.

பேசி முடித்தது இது: மொத்தக் கல்லும் ஆறரை லட்சம், வங்கி வழியாக, இரண்டு தவணை. ஒவ்வொரு பில்லிலும் கல் கிடைத்த ஊரின் பெயர் இருக்க வேண்டும். ஒரே ஒரு கல்லை நான் ஊர் மாற்றிச் சொல்லி விற்றாலும் மிச்சக் கல் அத்தனையும் பொன்மணிக்குத் திரும்பும், பணம் எனக்குத் திரும்பாது.