பாக்கியமக்கா சாப்பிட்ட ஊர்கள்

பாக்கியமக்கா போய்விட்டார் என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது நான் அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் உளுந்துவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் ஒன்றரை வடை மீதி இருந்தது. அதைச் சாப்பிட்டு, தேநீரையும் குடித்து முடித்த பிறகுதான் எழுந்தேன். கல்நெஞ்சக்காரி என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். பாதியில் எழும்பியிருந்தால் பாக்கியமக்கா என்னை மன்னித்திருக்க மாட்டார். சண்டிலிப்பாய்க்கு பஸ் ஏறி, யன்னல் ஓரத்தில் இருந்த பிறகுதான் அழுதேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே வேலி. நான் தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவர் வீட்டில் வேலை பார்த்து, கணவர் இறந்ததால் ஓய்வு பெற்றவர். அப்படித்தான் அவரே சொல்லுவார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறோம் என்று அவருடைய மகன் குமரன் என்னிடம் வந்தான். "அன்ரி, அம்மாவின்ரை சமையலைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. அவவின்ரை கைப்பக்குவம் உங்களுக்குத்தானே தெரியும்" என்றான். சந்தியில் ஒட்டியிருந்த அஞ்சலிப் பிரசுரத்திலும் அவரைச் சமையலில் அன்னலட்சுமி என்றுதான் புகழ்ந்திருந்தார்கள். குமரன், நீ கேட்டதை என்னால் எழுத முடியவில்லை. உன் அம்மா சமையலை வெறுத்தவர். அவருக்குப் பிடித்தது சாப்பாடு. இரண்டும் ஒன்றல்ல என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும்.

அவருடைய கணவர் கந்தவனத்தை ஊரில் நல்ல புகையிலைச் செய்கைக்காரர் என்பார்கள். நல்ல செய்கைக்காரர்தான். கடைச்சாப்பாடு வாசலுக்குள் வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். "பெண்சாதி செத்தவன்தான் கடையில சாப்பிடுவான்" என்று மனைவிக்கு முன்னாலேயே சொல்லுவார். கறியில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் சாப்பாட்டுக் கோப்பை சுவருக்குப் போகும். அந்தக் குசினிச் சுவரில் மஞ்சள் கறை எப்போதும் இருந்தது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வெள்ளை அடிப்பார்கள். மாசிக்குள் திரும்பவும் வந்துவிடும். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கும் அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

கந்தவனம் இறந்த எட்டாம் நாள் எட்டுச்செலவு நடந்தது. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் அன்று மச்சம் மாமிசத்தோடு சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். படைக்கும்வரை யாரும் வாயில் வைத்து ருசி பார்க்கக்கூடாது. பாக்கியமக்கா ஒருவருடைய உதவியையும் ஏற்காமல் தனியாகச் சமைத்தார். பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ், கணவாய்க் கறி, சுறா வறை எல்லாம் வாழையிலையில் வரிசையாக இருந்தன. படைத்து முடித்துச் சாப்பிட இருந்த சொந்தக்காரர் ஆளையாள் பார்த்துவிட்டு உப்புப் போத்தலைக் கைமாற்றினார்கள். "பாவம், துக்கத்தில மறந்துபோனாள்" என்று உச்சுக்கொட்டினார்கள். அடுத்த நாள் வேலிக்கு மேலால் அவர் என்னிடம் சொன்னார்: "வேணுமெண்டுதான் பிள்ளை, ஒண்டுக்கும் உப்புப் போடேல்லை. மனுசன் வாயே திறக்கேல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார். யாருக்கும் கேட்டுவிட்டதோ என்று நான் முதலில் வீதியைப் பார்த்தேன். பிறகு நானும் சிரித்தேன். அந்தக் கிழமையே பெரிய பானை சட்டிகளைக் கணவரின் தங்கை இராசம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு அவர் தேநீர் தவிர வேறெதற்கும் அடுப்பு மூட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு அந்த வருமானத்தில் சாப்பிட்டார். முதலில் யாழ்ப்பாணத்துக் கடைகள், பிறகு கொழும்பு, பிறகு எங்கே போனாலும். ஊர் சும்மா இருக்குமா. "அறுதலி கடைகடையாய்த் திரியிறாள்" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். "ஓம், இண்டைக்கு எந்தக் கடை நல்லது, சொல்லுங்கோவன்" என்று திருப்பிக் கேட்பார்.

தெற்கே காலி நகரத்துக்கு நாங்கள் போனது தபாற்கந்தோர் ஓய்வூதியக்காரரின் சுற்றுலாவில். பஸ் நின்றதும் எங்களுடைய ஆட்கள் சைவக்கடை தேடிப் புறப்பட்டார்கள். பாக்கியமக்கா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு சிங்களத்தில் பெயர்ப்பலகை தொங்கிய ஒரு சோற்றுக்கடைக்குள் நுழைந்தார். பரிமாறுகிறவர் வந்து எதையோ கேட்டார். பின்பக்கத்தில் ஒரு வேலையாள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக்கோப்பையை பாக்கியமக்கா விரலால் காட்டினார். அதுதான் அவருடைய முறை: "கடைக்காரன் விக்கிறதைச் சாப்பிடாதை. அவன் சாப்பிடுறதைச் சாப்பிடு." சிவப்பரிசிச் சோறும், கொறுக்காய்ப்புளி போட்டு வறள வைத்த கறுத்த மீன் துண்டும் வந்தன. நான் வாய் வைத்துவிட்டு, எங்கடை மீன்குழம்பைப் போல வராது என்றேன். "ஒப்பிடாதை. ஒப்பிடுறதுக்கு வீட்டிலையே இருந்திருக்கலாம்" என்றார். கடை மூடும் நேரம் வந்துவிட்டது. கதிரைகளைக் கவிழ்த்து மேசைகளில் ஏற்றினார்கள். மின்விசிறியையும் நிறுத்தினார்கள். பாக்கியமக்கா தலையை நிமிர்த்தாமல் சுத்தத் தமிழில் சொன்னார்: "நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கேல்லை." பரிமாறியவருக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் விசிறியைத் திரும்பப் போட்டுவிட்டார்.

குமரன் அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டது அதற்குச் சில வருடங்களின் பின்பு. பல தேசத்துச் சாப்பாடும் ஒரே தெருவில் கிடைக்குமாமே என்று ஆசையோடு போனார். மகனும் மருமகளும் தங்கமானவர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளியில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு சனியும் எங்களுடைய ஆட்களின் கடைக்கு. "ஆகாயத்தில ஒரு நாள் முழுக்கப் பறந்து போய் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டன்" என்று தொலைபேசியில் என்னிடம் பல்லைக் கடித்தார். கடைசியில் ஒரு நாள், பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு தனியாக பஸ் ஏறி, கண்ணில் பட்ட ஒரு எத்தியோப்பியக் கடைக்குள் போயிருக்கிறார். பெரிய வட்டமாக, மெல்லியதாக, பஞ்சுபோல, புளிப்பாக ஒரு அப்பம். குளிக்கிற துவாய் அளவு. அதன் மேலேயே பருப்பையும் கீரையையும் குவித்து வைப்பார்களாம். தனியாக வந்த கிழவியைப் பார்த்த கடைக்காரப் பெண் பக்கத்தில் வந்து இருந்து, ஒரு துண்டைக் கிள்ளிப் பருப்பில் சுருட்டி, அவருடைய வாயில் வைத்துத் தீத்திவிட்டாளாம். அங்கே அது மரியாதையாம்.

"தோசையைப் போலவோ அக்கா?" என்று நான் கேட்டதற்குக் கோபம் வந்தது. "தோசையைப் போல இல்லை. அது அதைப்போலத்தான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அறிவு தெரிஞ்ச நாள் தொட்டு எனக்கு ஒருத்தரும் தீத்தினதில்லை, பிள்ளை. அவளுக்கு என்ரை பேர்கூடத் தெரியாது." இதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் விட்டபோது இராசம்மா கோயில் யாத்திரைக்கு ஆள் சேர்த்தார். சமையற்காரர் ஒருவரும், மிளகாய்த்தூளும் அரிசிமாவும் நிறைந்த மூட்டைகளும் எங்களோடு கப்பலேறின. எங்கள் சனம் அப்படித்தான். கடலைத் தாண்டும், குசினியைத் தாண்டாது. இரண்டாம் நாள் மத்தியானம், மற்றவர்கள் மடத்தில் புட்டுக்குக் காத்திருக்க, பாக்கியமக்கா நாகூருக்குப் போய் ஆட்டிறைச்சிப் பிரியாணியும் தாளிச்சாவும் சாப்பிட்டுவிட்டு, கை மணக்க வந்து சேர்ந்தார். இராசம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கோயிலுக்கு வந்த இடத்திலை மச்சமோ மச்சாள்?" பாக்கியமக்கா சொன்னார்: "கோயிலுக்கு வந்தது நீங்கள். நான் கப்பலில வந்தனான்." திரும்பி வரும்போது கப்பலில் இராசம்மா அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

பாக்கியமக்காவை அதிகம் காத்திருக்க வைக்காமல் காலம் பழி தீர்த்துக்கொண்டது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கமும் பேச்சும் போயின. விழுங்க முடியவில்லை என்று மூக்கால் குழாய் விட்டார்கள். ஆனால் ஆசுப்பத்திரியில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள்: நிமிர்த்தி இருத்தி, சின்னக் கரண்டியால், தடிப்பான சாப்பாட்டைப் பொறுமையாகத் தீத்திப் பழக்கினால் குழாயைக் கழட்டலாம். குமரன் கனடாவிலிருந்து ஒழுங்கு செய்து இராசம்மாவை வீட்டோடு இருக்க வைத்தான். "ஒரு வாய் தீத்த அரை மணித்தியாலம். எனக்கு வேறை வேலை இல்லையோ? குழாயெண்டால் ஊத்திவிட்டால் முடிஞ்சுது" என்றார் இராசம்மா. நான் வந்து தீத்துகிறேன் என்றேன். "நீ தீத்தித் தொண்டையில அடைச்சால் ஆர் பதில் சொல்லுறது?" குமரனிடம் கேட்டேன். "ரிஸ்க் வேண்டாம் அன்ரி. மாமிக்குத் தெரியும்" என்றான்.

மாமிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கட்டிலின் பக்கத்தில் நின்றே சொல்லுவார்: "வாயைக் கட்டாமல் திரிஞ்சா. கடவுள் தொண்டையைக் கட்டிப்போட்டான்." பாக்கியமக்காவுக்குப் பேச்சுத்தான் போனதே தவிரக் காது போகவில்லை. கந்தவனத்தின் திவசம் அந்த வீட்டிலேயே நடந்தது. கத்தரிக்காய் பொரிக்கிற மணம் அறைக்குள் வந்தது. அந்த நேரம் பார்த்து இராசம்மா குழாயில் மாப்பாலை ஊற்றினார். பாக்கியமக்காவின் கண் குசினிப் பக்கம் போய், பிறகு என்னிடம் வந்தது. இயங்குகிற பக்கத்து உதடு கொஞ்சம் அசைந்தது. சிரித்தார் என்றுதான் நான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். சிரித்திருக்க மாட்டார். ஒரு வாய் சோறு வாயில் படாமலே மாதக்கணக்காகக் கிடந்து, அப்படியே போனார்.

எனக்கு மிஞ்சியிருந்தது எட்டுச்செலவு ஒன்றுதான். உயிரோடு இருக்கையில் கிடைக்காத ஒரு வாயை அன்றாவது அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. அந்த எத்தியோப்பிய அப்பத்தை நான் கண்ணால் கண்டதில்லை. அவர் சொன்னதை நினைத்து, குரக்கன் மாவைக் கரைத்து நன்றாகப் புளிக்க வைத்தேன். முதலில் வார்த்த அப்பங்கள் கல்லில் ஒட்டிக் கிழிந்தன. தேறிய ஒன்றை வாழையிலையில் வைத்து, பருப்பைத் தடிப்பாக உறைக்கச் சமைத்து மேலே குவித்துக் கொண்டுபோனேன். ருசி பார்க்கவில்லை.

படையலைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. ஒடியற்கூழ். கணவாய்க் கறி. சுறா வறை. கந்தவனத்துக்குப் படைத்ததையே அந்தப் பழைய பானை சட்டியில் சமைத்து, அவருடைய மனைவிக்கும் படைத்திருந்தார்கள். குமரன் வேட்டியோடு நின்றான். "அம்மாவுக்குக் கூழெண்டால் உயிர், அன்ரி. கிழமைக்கொருக்கால் காய்ச்சுவா" என்றான்.

"அது உங்கடை அப்பாவுக்கு."

"அம்மாவும் சாப்பிடுறவதானே."

"மிஞ்சினதை."

இராசம்மா என் கையிலிருந்த இலையைப் பிரித்தார். "உதென்ன, புளிச்ச தோசை. மணக்குது. ஊசிப்போனதையோ படைக்கிறது?" கனடாவில் அவர் விரும்பிச் சாப்பிட்டது என்று நான் குமரனிடம் சொன்னேன். "கனடாவிலையோ? நாங்கள் அம்மாவை எங்கடை ஆக்களின்ரை கடையைத் தவிர வேறை ஒரு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போகேல்லையே" என்றான். அவனுடைய முகத்தில் கள்ளம் இல்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியாது. இராசம்மா இலையைத் தூக்கி வெளியே மதிலடியில் வைத்தார். வீட்டு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பாக்கியமக்கா இருந்திருந்தால் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

படைத்த பிறகு எனக்கும் ஒரு கிண்ணம் கூழ் தந்தார்கள். உப்பு அளவாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவருக்கு அவர் வெறுத்ததையே, குறை சொல்ல முடியாத பக்குவத்தில் படைத்திருந்தார்கள். கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்து, மதிலடியில் கிடந்த என் இலையை எடுத்துக்கொண்டு ஒழுங்கை தெருவில் சேரும் முனை மதகில் போய் இருந்தேன். முதல் துண்டைக் கிள்ளிச் சுருட்டினேன். யாருக்குத் தீத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, பிறகு என் வாயிலேயே போட்டுக்கொண்டேன். நல்லாக இல்லை. கடும் புளிப்பு, நடுவில் வேகவும் இல்லை. நாயைக் குறை சொல்ல முடியாது. ஒப்பிட எனக்கு எதுவும் இல்லாததால் ஒப்பிடாமலே முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன்: "பிள்ளை, எனக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" அவள் யோசிக்கவே இல்லை. "இதென்ன கேள்வி அம்மா. குரக்கன் புட்டும் கருவாட்டுக் குழம்பும்." குரக்கன் புட்டும் கருவாட்டுக் குழம்பும் விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பாவுக்கு விருப்பமானவை. அவர் பேப்பரை இறக்கி, "ஓம், அதுதான்" என்றார்.

குமரன், இதை நீ மலரில் போட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரேயொரு வசனம். அடுத்த கப்பலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்த முறை தனியாக, மிளகாய்த்தூள் இல்லாமல். வீட்டில் சொன்னபோது என் கணவர் திகைத்துப்போனார். "இந்த வயசில உனக்கு என்ன கடைச்சாப்பாடு? அப்ப எனக்கு ஆர் சமைக்கிறது?" என்றார்.

"நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கேல்லை" என்றேன்.