என்மீது ஒரு புகார்

எங்கள் வீட்டில் இரண்டு வருடங்களாக வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு பெண் இருக்கிறாள். ஏழு வயது. அவளைத் தேடி உறவென்று யாரும் வரவில்லை. என்னை 'நைனா' என்பாள். அவள் எங்களோடு நிரந்தரமாக இருக்கலாமா என்று குழந்தைகள் நலக் குழு விசாரித்துச் சொல்ல வேண்டும்; கடைசிக் கையெழுத்து கலெக்டருடையது.

விசாரணைக்காகப் பட்டாபிராமில் திருவள்ளூர் ரயிலேறிய அன்று, யாரும் கேட்காத என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பையில் வைத்திருந்தேன். கணக்கில் முப்பத்தெட்டு.

"இதைப் பாத்தா குடுக்கிற பிள்ளையையும் குடுக்கமாட்டாங்க" என்றாள் மனைவி.

ரயிலில் குழந்தைக்குப் பாடம் எடுத்தேன். என்ன கேட்டாலும் 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்ல வேண்டும். அவள் கொய்யாவைக் கடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா நைனா, பயந்துகினு கீறியா?"

சேச்சே என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

குழு அலுவலகத்தில் குழந்தையைத் தனியாகத்தான் விசாரிப்பார்கள். கதவு சாத்தப்பட்டது. பல் தேய்க்கச் சொல்லி அதட்டியது, டிவியை அணைத்தது என்று என் கொடுமைகள் எல்லாம் வெளி பெஞ்சில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தன. உள்ளே சிரிப்புச் சத்தம். அதைக் கேட்டுப் பயந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று பியூனிடம் விசாரிக்கும்போது உள்ளே கூப்பிட்டார்கள்.

குழுத் தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு சார்."

மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

கதை சொல்லும்போது பாதியிலேயே நான் தூங்கிவிடுகிறேனாம். குகைக்குள் போன புலி இன்னும் வெளியே வரவில்லையாம். 'நல்லா இருக்கு' பாடத்தையும் போட்டுக்கொடுத்திருந்தாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"முதல் தடவை வந்தப்ப யாரும் சொல்லித் தராமலே அதைத்தான் சொன்னா. சாப்பாடா, நல்லா இருக்கு. தூக்கமா, நல்லா இருக்கு. பயந்த பிள்ளைங்க அப்படித்தான். இன்னிக்குத்தான் வாயைத் திறந்து குறை சொல்றா." மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார்; தலையசைத்தார்கள். "உங்ககிட்டயே இருக்கட்டும்னு கலெக்டருக்கு எழுதறோம்."

நன்றி சொல்லத்தான் நினைத்தேன். மூக்குதான் ஒழுகியது.

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் நைனா அழுவுற? நீ தூங்கிடுறன்னு மட்டுந்தான் சொன்னேன். கொறட்ட உடுறத சொல்லவேயில்ல."