புதுக் கேம்ஷாஃப்டும் ராகுகாலமும்

பக்கத்து வீட்டுக்காரன் புதுக் கேம்ஷாஃப்ட் இருந்த நீளப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் கராஜுக்குள் வந்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியின் வாயில் இருந்த டேப் ஒரு முறை உரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. என் கண்ணால் கண்டேன். கணவரைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னேன்.

“இஞ்சேருங்கோ, அது திறந்த பெட்டி.”

“சரியான சாமானோ எண்டு திறந்து பார்த்திருப்பான். உமக்கு ஆரைக் கண்டாலும் சந்தேகம்.”

ஓம், சந்தேகம்தான். வேறென்ன செய்வது? எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் புதிதாகக் குடியேறிய பென்டில் ஹில்லில் எங்கள் தெருவில் தமிழ் முகம் என்றால் என்னுடையதும் கணவருடையதும் இரண்டு வயது மகளுடையதும்தான். அப்படியான இடத்தில் ஒரு வெள்ளைக்காரன், வேலை செய்வதும் ஒரு கார் வேர்க்‌ஷொப்பில், ஓய்வு நாளிலும் வந்து எங்கள் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறான். கூலி கேட்கவில்லை. தேத்தண்ணி மட்டும் குடிக்கிறான். சும்மா ஆர் செய்வான்?

கார் பழையது, எட்டு சிலிண்டர். அதை வாங்கியபோதே எனக்கும் கணவருக்கும் சண்டை. அது போதாதென்று, பக்கத்து வீட்டுக்காரனின் கார் உறுமுவதை வேலிக்கு மேலால் கேட்டுக் கேட்டு இவருக்கும் ஆசை வந்துவிட்டது. பழைய சிலிண்டர் ஹெட்டுகளைக் கழற்றிவிட்டுப் பெரிய வால்வு உள்ள ஹெட்டுகள் போடவேண்டுமாம். அந்த வால்வுகளைத் தூக்கித் திறக்கிற கேம்ஷாஃப்டையும் மாற்றவேண்டுமாம். என்ஜினுக்கு மூக்கைப் பெரிதாக்கி, மூச்சை ஆழமாக இழுக்கவும் வைப்பது போல என்று விளங்கப்படுத்தினார். பிளாக்டவுனுக்கு மரக்கறி வாங்கப் போகிற காருக்கு என்ன கோதாரிக்கு இவ்வளவு மூச்சு என்று கேட்டேன்.

என் பயம் காரைப் பற்றியதல்ல. பக்கத்து வீட்டுக்காரனின் மனைவிதான் அந்தத் தெருவில் எனக்கென்று இருந்த ஒரே மனுஷி. நான் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும்போது மகளை அவள்தான் வைத்திருந்தாள். பின்னேரம் நான் வந்ததும் இருவரும் அவளுடைய குசினிக் கதிரைகளில் இருந்து வாய் நோகக் கதைப்போம். கணவன்மார் இருவரும் ஒரு இரும்புச் சாமானால் கொழுவிக்கொண்டால், என் வேலையும் போகும், அவளும் போவாள். அதனால்தான் அந்தப் பெட்டியை அப்படிப் பார்த்தேன்.

சில வாரங்கள் வேலை நடந்தது. கழற்றிய பழைய ஹெட்டுகளை அவன் தன் கராஜுக்குள் கொண்டுபோய் வைத்தான். இடம் இல்லையாம். எங்கள் கராஜில் ஒரு மாட்டையே கட்டலாம். அதையும் மனதுக்குள் போட்டுவைத்தேன்.

எல்லாம் பூட்டி முடிந்ததும், அவன் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னான். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம். புதுக் கேம்ஷாஃப்டின் முதல் ஓட்டம்தான் அதன் ஆயுள். ஸ்டார்ட் பண்ணியவுடனே வேகத்தைக் கூட்டி அப்படியே பிடிக்கவேண்டும். மெதுவாக ஓடவிட்டால் எண்ணெய் போதாது, வால்வைத் தூக்கும் மேடுகள் தேய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு வருகிறேன்.”

அவன் போனதும் நான் சொன்னேன்: “ஞாயிறு நாலரையிலிருந்து ராகுகாலமல்லோ?”

கணவர் சிரித்தார். “நான் ஒரு எஞ்சினியரல்லோ. என்ஜினுக்கு என்ன ராகுகாலம்? விசர்க்கதை கதையாதையும்.”

அந்தச் சிரிப்பை நம்பினேன். அதுதான் என் மடைத்தனம். வெளியாரையெல்லாம் சந்தேகிக்கிறவள் வீட்டுக்குள் இருந்தவரை விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை, பால் திரைந்துபோய்விட்டது என்றார். “ஸ்டேஷனடியில மில்க் பார் திறந்திருக்கும், பிள்ளையையும் வண்டியில தள்ளிக்கொண்டு போட்டு வாரும்” என்றார். போனேன். திரும்பி வந்தபோது வீட்டில் கற்பூர வாசம். “சாமிக்குக் காட்டினனான்” என்றார். எங்கிருந்து வந்தது இந்தப் பக்தி என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பின்னேரம் அவன் வந்தான். என்ஜின் உறுமியது. தெருவே அதிர்ந்தது. அவன் வேகத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். அவன் முகம் மாறியது. உடனே நிறுத்தினான். அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி, கேம்ஷாஃப்டை வெளியே இழுத்தார்கள். முட்டை மாதிரிக் கூர்ந்து நிற்கவேண்டிய மேடுகளில் இரண்டு வட்டமாகத் தேய்ந்திருந்தன.

அவன் கணவரைப் பார்த்துக் கேட்டான்: “நான் வரமுன் யாராவது ஸ்டார்ட் செய்தீர்களா?”

“இல்லை” என்றார் என் கணவர்.

“நிச்சயமாக?”

“நிச்சயமாக.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு இரத்தம் கொதித்தது. பாவித்த சாமானைப் பெட்டிக்குள் போட்டுத் தந்துவிட்டு, எங்களையா குறுக்குக் கேள்வி கேட்கிறான்? நேரே வேலியடிக்குப் போனேன். அவள் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றாள். மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன். திறந்த பெட்டி, ஒட்டின டேப், இடமில்லை என்று கொண்டுபோன பழைய ஹெட்டுகள், ஒன்றும் விடவில்லை. “உன் புருஷன் எங்களை ஏமாற்றிவிட்டான்” என்றும் சொன்னேன்.

அவள் கையில் இருந்த சட்டையைக் கொடியில் போட்டு, இரண்டு கிளிப்பையும் கவனமாகக் குத்தினாள். “நீ இப்படிச் சொல்வாய் என்று நான் நினைக்கவில்லை” என்றாள். அடுத்த நாள் கதவைத் தட்டி, தனக்கு முதுகு வலி, இனிப் பிள்ளையை வைத்திருக்க முடியாது, வேறு ஆள் பார் என்றாள். வேறு ஆளுக்கு நான் எங்கே போவது? வேலைக்கு லீவு சொன்னேன்.

அந்த வாரம் கோபத்தில் கராஜைக் கூட்டினேன். பெயின்ட் தகரங்களுக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சோஸர் ஒன்று. நடுவில் கற்பூரம் எரிந்த கரி. பக்கத்தில், வாகனப் பூசைக்கு வைக்கிற மாதிரி, டயரில் நசுங்கிக் காய்ந்த தேசிக்காய்.

கணவர் வந்ததும் சோஸரை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“சத்தியமாச் சொல்லுங்கோ. காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தனீங்களோ?”

கதிரையில் இருந்துவிட்டார். “அவன் ராகுகாலத்திலதானே வாறன் எண்டவன். முதல்முதலா அந்த நேரத்தில தொடங்கினா விளங்குமோ? நல்ல நேரத்தில ஒருக்காத் தொடக்கிவிட்டா, பிறகு எப்ப எடுத்தாலும் தோஷமில்லை. பயணம் வெளிக்கிடுறதுக்கு முதல் உடுப்புப் பெட்டியை நல்ல நேரத்தில வெளியில எடுத்து வைக்கிறேல்லையோ, அது மாதிரித்தான். மெல்லமாத்தான் ஓடவிட்டனான், சத்தம் கேளாமல். கற்பூரம் எரிஞ்சு முடியுமட்டும்.”

“உங்களுக்கு மூளை கீளை இருக்கோ? மெல்லமா ஓடவிடவேண்டாம் எண்டுதானே அந்த மனுஷன் தொண்டை கிழியச் சொன்னவன்! பெரிய எஞ்சினியர்! பிறகேன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?”

“கற்பூரத்தையும் தேசிக்காயையும் அவனுக்கு என்னெண்டு சொல்லுறது? அவன்ர வேலையிடத்தில முழுக்கச் சிரிப்பாங்கள்.”

“அப்ப நான் அவளை ஏசேக்க எங்க நிண்டனீங்கள்?”

“ஜன்னலடியில” என்று குனிந்துகொண்டார். நான் வேலியடியில் நின்று கொட்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த மனுஷனை அப்போது அடித்திருப்பேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

அவள் ஈ புகாமல் போட்ட இலையான் வலைக் கதவைத் திறந்து வாசலில் நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ராகுகாலம் என்றால் என்ன என்று தடுமாறித் தடுமாறி விளங்கப்படுத்தினேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“எங்களுக்கு அன்றைக்கே தெரியும்” என்றாள். “அந்த ஞாயிறு காலை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என்ஜின் மெதுவாக ஓடுவது கேட்டது. என் புருஷன் ஓடிவந்து நிறுத்தச் சொல்லுமுன் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம்தானே, தேய்ந்திருக்காது என்று நம்பித்தான் பின்னேரம் வந்தார். கேட்டால் உன் புருஷன் சொல்லுவார், சொன்னால் வேறு ஒன்று வாங்கிப் போடலாம் என்றுதான் அவர் கேட்டார்.”

“எனக்குத் தெரியாது. நான் வீட்டில் இல்லை. பால் வாங்கப் போயிருந்தேன்.”

“பால்?” என்றாள். “பால்காரன் சனிக்கிழமை உங்கள் வாசலில் இரண்டு போத்தல் வைத்தானே. நான் கண்டேன்.”

“திரைந்துவிட்டது என்று அவர்தான் சொன்னார்.”

“சரி” என்றாள். அந்தச் ‘சரி’யை எனக்குத் தெரியும். ஒருவரை நம்பாதபோது நான் சொல்லுகிற ‘சரி’ அது. சத்தியம் செய்யலாமா, அழலாமா என்று தெரியாமல் நின்றேன்.

அதற்குள் மகள் என் கையிலிருந்து நழுவி, அவளுடைய காலுக்கிடையால் புகுந்து உள்ளே ஓடினாள். குசினியில் தன் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் போய்ப் பிள்ளையைத் தூக்கி, கன்னத்தில் கொஞ்சி, ஒரு பிஸ்கட்டையும் கையில் கொடுத்துக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.