போரில் கிடந்த படகு

என் மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். இளவயதில் கடற்கரையில் படகு ஓட்டியவர். என் மாமியாரைக் கட்டிக்கொண்டு பசுமலைக்கு மேற்கே எங்கள் பக்கம் குடிவந்தபோது, மூட்டைமுடிச்சோடு படகையும் லாரியில் ஏற்றி வந்தார். கண்மாயில் மீன் பிடிக்கிற நினைப்பு. அந்த வருசம் கண்மாயில் தண்ணீர் இல்லை.

படகைக் கவிழ்த்து, அதன்மேல் வைக்கோல்போர் போட்டார்கள். ஈரம் ஏறாது. பிற்பாடு படகை நிமிர்த்தி, அதில் மாட்டுக்குத் தீவனம் போட்டோம்.

"இது போர்ல கெடந்த படகு, மாப்ள" என்பார் மாமா.

"தெரியும் மாமா" என்பேன். வைக்கோல்போரைச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

போன வருசம் மாட்டுக் கொட்டகையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. படகு இடைஞ்சல். விறகுக்காரரை வரச் சொன்னேன். மாமா படகுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாடு அவர் வேட்டி நுனியை மென்றது. இறங்கவில்லை.

"சண்டைக்குப் போன படக வெட்டுவீகளா? கடற்படைப் படகுய்யா இது!"

எந்தப் போர் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

விறகுக்காரர் சிரித்தார். "அண்ணே, பெருசு பீரங்கிய எங்க மாட்டுச்சாம்? மாடு கட்டுற மொளையிலயா?"

மாமா முகம் சுருங்கிப்போனது. என் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு. விசாரிங்க. பொய்யின்னா நானே கோடாலி எடுத்துத் தாரேன்."

யாரிடம் விசாரிப்பது? மதுரையில் கடலைப் பற்றிக் கேட்டால் மீன்கடைக்கு வழி சொல்வார்கள். பசுமலையில் நான் பால் ஊற்றும் வீட்டுக்காரர் ஒருவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். விறகுக்காரரை இருக்கச் சொல்லிவிட்டு, அவரை வண்டியில் கூட்டி வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார், "நான் கப்பல்ல சமையலுங்க."

இனி திருப்பிக் கொண்டுபோய் விட முடியாது.

அவர் சாவியால் படகைச் சுரண்டினார். மேலே இருந்த பச்சைப் பெயிண்ட் உதிர்ந்தது. அடியில் சாம்பல் நிறம். வெள்ளையில் பாதி எண்.

"நேவி பெயிண்ட்டுதான். சண்ட நேரத்துல சின்னப் படகுகள எடுத்து, சாம்பல் அடிச்சு, நம்பர் போட்டு ஓட்டுவாக. முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவாக."

மாமா நிமிர்ந்தார். விறகுக்காரர் கோடாலியைக் கீழே வைத்தார். என் மனைவி எல்லாருக்கும் காபி கொண்டு வந்தாள்.

சமையல்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு மாமாவிடம் மெதுவாகக் கேட்டார். "இது மாதிரி படகுலதான் எங்க கப்பலுக்கும் சமையல் சாமான் வரும். நீங்க ஏத்துனது வெங்காயமா, உருளைக்கெழங்கா?"

மாமா மாட்டைப் பார்த்தார். மாடு அவரைப் பார்த்தது.

"ரெண்டும். ஒருநா ஆடு."

"அப்ப பீரங்கி?" என்றார் விறகுக்காரர்.

"ஆடுதான் முட்டுச்சு."

நாங்கள் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை.

சமையல்காரரும் சிரிக்கவில்லை. "வெங்காயம் வராத அன்னைக்கு எதிரிய விட்டுட்டு என்னையத்தான் சுட வருவாக. அது தெரியுமா உங்களுக்கு?"

அதற்கு மாமா சிரித்தார். படகை விட்டும் இறங்கினார்.

விறகுக்காரரை வெறுங்கையோடு அனுப்பினேன். கொட்டகையை வேறு பக்கம் இழுத்தேன். மாமா சாம்பல் பெயிண்ட் வாங்கி அடித்து, ரோட்டுப் பக்கம் தெரிகிற மாதிரி 'போரில் இருந்தது' என்று எழுதினார்.

போன வாரம் பைக்கில் போன ஒருவர் அதைப் படித்துவிட்டு நின்றார்.

"அண்ணே, வைக்கோல் குடுப்பீகளா?"

நான் வாயைத் திறக்குமுன் மாமா எழுந்தார்.

"அது வேற போருய்யா. உள்ள வாங்க, சொல்றேன்."