சைரன் போடாத ஆம்புலன்ஸ்

“ஊசியைக் கீழ வைங்க” என்று நான் போட்ட சத்தத்தில் ட்யூட்டி டாக்டரின் கை அப்படியே நின்றது. செங்கல்பட்டில் நான் குழந்தை டாக்டராக இருந்த சின்ன நர்சிங் ஹோமில் என் குரலுக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

தொண்ணூறுகளின் பின்பாதி. புதுப்பட்டினத்திலிருந்து வந்த இரண்டு மாதப் பெண் குழந்தை. சளி என்று இரண்டு இடங்களில் மருந்து வாங்கியும் மூச்சிரைப்பு அடங்கவில்லை. எக்ஸ்ரேயில் மார்பின் இடப்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது; இதயம் வலப்பக்கம் தள்ளப்பட்டிருந்தது. நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்துவிட்டது, ஊசியால் குத்தி எடுத்துவிடலாம் என்றார் ட்யூட்டி டாக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிக் காற்று சேர்ந்தாலும் எக்ஸ்ரேயில் இப்படித்தான் தெரியும்.

ஆனால் அந்தக் கறுப்புக்குள் மெல்லிய ரத்தக்குழாய்க் கோடுகள் ஓடின. வெளியே சேர்ந்த காற்றில் கோடுகள் இருக்காது. ஆகவே இது ஊதிப்போன நுரையீரலேதான். கன்ஜெனிட்டல் லோபார் எம்பைசீமா. பிறவியிலேயே நுரையீரலின் ஒரு மடலுக்குப் போகும் மூச்சுக்குழாய் தொய்ந்திருக்கும். காற்று உள்ளே போகும், வெளியே வராது. மடல் ஊதி மற்ற பகுதிகளை நசுக்கும். ஊசி குத்தினால் ஓட்டை விழும். மூச்சு கொடுக்க ஆம்பு பையை அழுத்தினால் இன்னும் ஊதும். குழந்தை வீறிட்டு அழுதாலும் அதே கதிதான்.

நான் அதற்கு முன் ஒரே ஒரு குழந்தையிடம்தான் இதைப் பார்த்திருந்தேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால்? சென்னையில் தெரிந்த சர்ஜனுக்கு போன் போட்டேன்.

“உடனே கூட்டிட்டு வாங்க. பால் குடுக்காதீங்க. அழவும் விடாதீங்க” என்று போனை வைத்துவிட்டார். பசித்த கைக்குழந்தையை அழாமல் சென்னை வரை கொண்டுபோக வேண்டும். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் டிரைவர் ஏழுமலை சைரனைப் போட்டார். குழந்தை திடுக்கிட்டு அழுதது. உதடு நீலமாகியது.

“ஏழுமலை, சைரனை நிறுத்துங்க.”

“இன்னாம்மா சொல்றீங்க? சைரன் இல்லாம தாம்பரத்தத் தாண்ட முடியாது.”

“நிறுத்துங்கன்னு சொன்னேன்.”

நிறுத்தினார். தாய் செல்வி தன் சுண்டுவிரலைச் சப்பக் கொடுத்தாள். அழுகை மெல்ல அடங்கியது. ஆனால் கூடுவாஞ்சேரியிலேயே லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். சைரன் இல்லாத ஆம்புலன்ஸுக்கு யார் வழி விடுவார்கள்? என் முடிவே குழந்தையைக் கொன்றுவிடுமோ என்று தோன்றியது.

முன்சீட்டில் இருந்த தகப்பன் தனசேகர் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, துண்டை வீசி, “அண்ணாத்த, ஓரம் கட்டு. உள்ள புள்ள கீது” என்று குரல் கொடுத்தார். வண்டிகள் ஒதுங்கின. அந்தக் குரல் சைரனுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

“அவரை மெதுவாக் கத்தச் சொல்லும்மா” என்றேன்.

“அவரு கத்துனா இது தூங்கும் டாக்டர். ஏலம் வுடுற சத்தத்துலயே கெடந்து பழகிகீது. சைரன்தான் அதுக்குப் புச்சு.”

குழந்தை நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சென்னை வரை அதன் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று சர்ஜன் கேட்டபோது தனசேகர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. வழியெல்லாம் கத்தியதில் குரல் போயிருந்தது. கும்பிட்டார்.

“பண்ணுங்க சார்” என்றாள் செல்வி.

மார்பைத் திறந்ததும் ஊதிய மடல் வெளியே பிதுங்கியது என்று சர்ஜன் பிறகு சொன்னார். அதை எடுத்துவிட்டார்கள்.

இளம் டாக்டர்களுக்குச் சொல்கிறேன்: எக்ஸ்ரேயில் கறுப்பைப் பார்த்ததும் ஊசியைத் தேடாதீர்கள், கோடுகளைத் தேடுங்கள். நோயைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். குழந்தை எப்படிப் போய்ச் சேரும் என்பதும் வைத்தியம்தான். அதற்குத் தாய் தகப்பனிடம் கேளுங்கள்.

சில நாள் கழித்துப் பார்க்கப் போனேன். குழந்தை பாலுக்காக வார்டே அதிர அழுதுகொண்டிருந்தது; உதடு சிவப்பாகவே இருந்தது. சமாதானப்படுத்த வந்த நர்ஸின் கையைச் செல்வி பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்ச நேரம் அழட்டும் சிஸ்டர்” என்றாள்.